கால் சுவிட்ச் போடும் முன் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: கோவை கணபதி பக்கம் சின்ன ஷெட் போட்டு, வெட் கிரைண்டர் கம்பெனிகளுக்கு ஸ்டாண்டு, மோட்டார் பிராக்கெட், அடிமூடி செய்து கொடுக்கிறோம். என்னையும் சேர்த்து ஏழு பேர். காற்றில் ஓடும் ஸ்பாட் வெல்டிங் மிஷின் ஒன்று, ரிவெட் அடிக்கும் ஏர் பிரஸ் ஒன்று, கீ கிளட்ச் வைத்த 20 டன் பவர் பிரஸ் ஒன்று, அரை ஹெச்பி பெஞ்ச் டிரில் ஒன்று இருக்கின்றன. பவர் பிரஸ்ஸின் இரும்புப் பெடலை நாள் முழுக்க மிதித்து ஆபரேட்டருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. நான்குக்கும் எலெக்ட்ரிக் ஃபுட் சுவிட்ச் போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனேன். 350 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் சுவிட்ச்சும், 2,900 ரூபாய்க்கு மேலே மூடி வைத்த வார்ப்பு அலுமினிய சுவிட்ச்சும் காட்டினார்கள். இரண்டிலும் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்றே போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு இவ்வளவு விலை வித்தியாசம்? டிரில்லுக்கு ஏற்கெனவே, ஒரு முறை மிதித்தால் ஆன், மறுபடி மிதித்தால் ஆஃப் ஆகும் வகையை நேரடியாக மோட்டாருக்குக் கொடுத்திருந்தேன். கொஞ்ச நாளில் உள்ளே ஒட்டிக்கொண்டு ஆஃப் ஆகாமல் நின்றுவிட்டது. எதை வாங்குவது, எப்படி வயரிங் செய்வது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, நான்கு மிஷினுக்கும் ஒரே பதில் கிடையாது. ஸ்பாட் வெல்டிங்குக்குத் தாராளமாகப் போடுங்கள். ஏர் பிரஸ்ஸுக்கு ஒரு நிபந்தனையோடு போடலாம். டிரில்லில் இப்போது இருப்பதை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். பவர் பிரஸ்ஸுக்கு, டையை (தகட்டை வெட்டி வளைக்கும் அச்சை)ச் சுற்றிக் கூண்டு போட்டு முடிக்கும் வரை வேண்டவே வேண்டாம்.

நீங்கள் சுவிட்ச்சைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் கையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. கால் சுவிட்ச் ஆபரேட்டரின் இரண்டு கைகளையும் விடுவிக்கிறது. ஜாபைப் பிடிக்க, திருப்ப, தாங்க இரண்டு கையும் கிடைக்கின்றன. வேலை வேகமாகவும் சுத்தமாகவும் நடப்பது அதனால்தான். விரல் போவதும் அதனாலேயேதான், ஏனென்றால் விடுபட்ட கை டைக்குள்ளே போகத் தடை எதுவும் இல்லை. ஆகவே எந்த மிஷினுக்குப் போடுவதானாலும், பெடலை மிதிக்கும் அந்த நொடியில் கை எங்கே இருக்கும், உள்ளே போக வழி இருக்கிறதா என்று மிஷின் முன்னால் நின்று பாருங்கள். வழி இருந்தால் அதை அடைத்த பிறகுதான் சுவிட்ச் பேச்சு.

உங்கள் பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். கீ கிளட்ச் பிரஸ்ஸில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெடலை மிதித்தால் கொக்கி விலகி, சாவி ஃப்ளைவீலுக்குள் விழுந்து, கிராங்க் ஷாஃப்ட்டை இழுத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று போய்த்தான் நிற்கும். நடுவில் காலை எடுத்தாலும் நிற்காது. ஸ்டாப் பட்டனை அடித்தால் மோட்டார்தான் நிற்கும், ஃப்ளைவீலில் இருக்கும் விசை அந்த ஸ்ட்ரோக்கை முடித்தே தீரும். இப்படிப்பட்ட மிஷினில் இன்று இருக்கும் கனமான இரும்புப் பெடல் ஒரு நன்மை செய்கிறது: தெரியாமல் கால் பட்டால் அவ்வளவு சுலபமாக இறங்காது. அதை எடுத்துவிட்டு, லேசாக மிதித்தாலே கொக்கியை சாலினாய்டு (கரண்டில் இழுக்கும் காந்தம்) இழுக்கும்படி மாற்றினால் முழங்கால் வலி குறையும். கூடவே, பீஸை எடுக்கக் குனியும்போது கால் நழுவி விழும் ஒரு ஸ்ட்ரோக்குக்கும் வழி திறந்துவிடுகிறீர்கள்.

டபுள் ஸ்ட்ரோக் என்று ஆபரேட்டர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரு முறை மிதித்தும் ராம், அதாவது மேலிருந்து இறங்கி அடிக்கும் பகுதி, இரண்டு முறை இறங்குவது அது. சாவியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கொக்கியின் முனை தேய்ந்தாலோ, கிராங்க்கைப் பிடிக்கும் பேண்டு பிரேக்கில் எண்ணெய் இறங்கி வழுக்கினாலோ நடக்கும். முதல் ஸ்ட்ரோக் முடிந்துவிட்டது என்று நம்பி பீஸை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும்போது இரண்டாவது இறங்கும். இதைத் தடுக்கிற சக்தி எந்த விலை கால் சுவிட்ச்சுக்கும் இல்லை. குருகிராம், ஃபரிதாபாத் பக்கத்து வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்களில் நடக்கும் விபத்துகளைப் பற்றி சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டுவருகிறது. விரல் இழந்து வருபவர்களில் பெரும்பகுதி பவர் பிரஸ் ஆபரேட்டர்கள் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. உங்களிடம் இருப்பது அந்த வகை மிஷின்தான்.

சரி, கால் வேண்டாம், இரண்டு கையாலும் பட்டன் அழுத்தும் முறை போடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். ஃப்ரிக்‌ஷன் கிளட்ச் பிரஸ்ஸில் அது நல்ல வழி, ஏனென்றால் கையை எடுத்ததும் ராம் நடுவழியிலேயே நிற்கும். கீ கிளட்ச்சில் நிற்காது என்பதால், கை டையை எட்டுவதற்குள் ராம் இறங்கி முடிந்துவிடும் தூரத்தில் பட்டனை வைக்க வேண்டும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்கிறார்கள். சாவி ஒரே ஒரு இடத்தில் பிடிக்கும் கிளட்ச் என்றால், மிக மோசமான நிலையில் ஒரு முழுச் சுற்று காத்திருந்து, பிறகு அரைச் சுற்றில் ராம் கீழே வரும். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் பிரஸ்ஸில் அது ஒன்றரை நொடி, அதாவது பட்டன் 2.4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 90 ஸ்ட்ரோக் என்றாலும் 1.6 மீட்டர். அவ்வளவு தூரம் போய் அழுத்திவிட்டு வந்து யாரும் பீஸ் அடிக்க மாட்டார்கள். ஒரே வாரத்தில் பட்டனைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

அதனால் உங்கள் பிரஸ்ஸுக்கு மிஞ்சுவது கூண்டுதான். டையைச் சுற்றி நான்கு பக்கமும் கம்பி வலையோ, துளைபோட்ட தகடோ, தடித்த பாலிகார்பனேட்டோ வைத்து, போல்ட் போட்டு நிரந்தரமாக மூட வேண்டும். தகடு உள்ளே போக மட்டும் ஒரு பிளவு. அந்தப் பிளவுக்கும் கணக்கு உண்டு, ஐஎஸ்ஓ 13857 தரத்தில் அட்டவணையாகவே இருக்கிறது. பிளவின் உயரம் 6 மில்லிமீட்டருக்குள் என்றால் டை 10 மில்லிமீட்டர் உள்ளே இருந்தால் போதும். 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை என்றால் டை 80 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். 12 முதல் 20 வரை போனால் 120 மில்லிமீட்டர். நீங்கள் பட்டைத் தகடாக உள்ளே தள்ளி வெட்டும் வேலைக்கு இது அப்படியே பொருந்தும். ஒவ்வொரு பீஸாக வைத்து வளைக்கும் பிராக்கெட் வேலைக்குப் பொருந்தாது. அதற்கு, கீழ் டையை ஒரு தண்டவாளத்தில் வைத்து வெளியே இழுத்து, பீஸை வெளியிலேயே வைத்து, உள்ளே தள்ளி அடிக்கும்படி செய்துகொள்ளுங்கள். கோவையில் டை செய்பவர்களுக்கு இது புதிய வேலை அல்ல. தள்ளு டை முழுதாக உள்ளே போனால்தான் சர்க்யூட் சேரும்படி ஒரு லிமிட் சுவிட்ச்சையும் வைத்துவிடுங்கள்.

கூண்டு வந்த பிறகு உங்கள் ஆபரேட்டரின் முழங்காலுக்கு வழி பிறக்கிறது. கொக்கியை இழுக்க ஒரு சின்ன ஏர் சிலிண்டர், அதை இயக்க மூடி வைத்த கால் சுவிட்ச். நடுவில் ஒரு மிதிக்கு ஒரே துடிப்பு மட்டும் கொடுக்கும் டைமரோ ரிலே சர்க்யூட்டோ கட்டாயம். காலை எடுக்க மறந்து அழுத்தியே வைத்திருந்தாலும் ராம் ஒரு தடவைக்கு மேல் இறங்கக் கூடாது. அடுத்த ஸ்ட்ரோக் வேண்டுமானால் காலை முழுதாக எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும்.

ஸ்பாட் வெல்டிங் மிஷினில் கால் சுவிட்ச் இயல்பாகவே பொருந்துகிறது. இரண்டு தகட்டையும் சரியாகச் சேர்த்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். இங்கே நான் ஒன்று வற்புறுத்துவேன்: இரண்டு நிலை உள்ள பெடலாக வாங்குங்கள். பாதி மிதித்தால் மேல் ஆர்ம் இறங்கித் தகட்டைப் பிடிக்கும், கரண்ட் வராது. புள்ளி தவறியிருந்தால் காலை எடுங்கள், ஆர்ம் மேலே போய்விடும், பீஸ் வீணாகாது. சரியாக இருந்தால் முழுக்க மிதியுங்கள், அப்போதுதான் டைமர் ஓட ஆரம்பிக்கும். ஒற்றை நிலை பெடலில் வேலை செய்து பழகிய ஆபரேட்டர் இதில் ஒரு நாள் தடுமாறுவார், அப்புறம் பழையதைத் தொட மாட்டார்.

வெல்டிங் கரண்ட் இந்தச் சுவிட்ச் வழியாகப் போவதில்லை என்பதும் உங்கள் எலெக்ட்ரீஷியனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முனையில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்வதைத் திறந்து மூடுவது பேனலில் உள்ள தைரிஸ்டர். பெடல் டைமருக்குச் செய்தி சொல்வதோடு சரி. ஸ்க்வீஸ் (தகட்டை அழுத்துவது), வெல்டு (கரண்ட் பாய்வது), ஹோல்டு (ஆறும்வரை பிடித்திருப்பது) மூன்றின் நேரத்தையும் டைமரே எண்ணும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு சைக்கிள் 20 மில்லி நொடி, பத்து சைக்கிள் வெல்டு என்றால் 200 மில்லி நொடி. வெல்டு தொடங்கிய பிறகு கால் தூக்கினாலும் அந்தப் புள்ளியை முடித்துவிட்டுத்தான் மிஷின் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேட்டரின் கால் வேகத்தைப் பொறுத்து ஒரு புள்ளி பலமாகவும் ஒரு புள்ளி பொய்யாகவும் வரும். ஸ்க்வீஸ் நேரம் குறைவாக இருந்தால் அழுத்தம் ஏறுவதற்குள் கரண்ட் பாய்ந்து தீப்பொறி பறக்கும், முனை கருகும். பெடலை மாற்றியதும் பொறி அதிகமாகிவிட்டது என்று சொல்லிக் கூப்பிடுபவர்கள் பலருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஸ்க்வீஸ் அமைப்பைத்தான். ஆர்ம் இடைவெளியையும் வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் வையுங்கள். அதிகம் திறந்திருந்தால் விரல் போகும், அந்த அழுத்தத்தில் நசுங்கும்.

ஏர் பிரஸ் சாதுவாகத் தெரியும், சத்தமும் இல்லை. 100 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு 6 பார் காற்று கொடுத்தால் கிடைக்கும் விசை ஏறக்குறைய 480 கிலோ. ரிவெட்டின் தலையைத் தட்டையாக்கும் விசை விரல் எலும்பை விட்டுவைக்காது. நான் சொன்ன நிபந்தனை இதுதான்: பஞ்ச்சுக்கும் ஜாபுக்கும் நடுவே 6 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாதபடி ஸ்ட்ரோக்கைக் கட்டுப்படுத்த முடிந்தால் கால் சுவிட்ச் போடுங்கள். முடியாதென்றால் ஜாபைப் பிடிக்க ஒரு ஃபிக்ஸ்சர் செய்து, இரண்டு கை பட்டனுக்குப் போய்விடுங்கள். கையை எடுத்ததும் சிலிண்டர் திரும்பிவிடும் மிஷின் என்பதால் இங்கே அது நன்றாக வேலை செய்யும். பட்டன்களை 55 சென்டிமீட்டர் இடைவிட்டு வையுங்கள், ஒரே கையின் உள்ளங்கையாலும் முழங்கையாலும் இரண்டையும் அழுத்த முடியாது. இரண்டும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுந்தினால்தான் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை டேப் போட்டு ஒட்டிவைத்துவிடுவார்கள்.

ஏர் பிரஸ்ஸுக்குக் கரண்டே இல்லாத வழியும் இருக்கிறது. கால் பெடலோடு வரும் 5/2 வால்வ் (ஐந்து வாய், இரண்டு நிலை), ஸ்பிரிங்கில் திரும்பும் வகை, நியூமேட்டிக் கடைகளில் கிடைக்கும். காற்றுக் குழாயை நேராக அதில் கொடுத்துவிடலாம். தரையில் தண்ணீர், கூலன்ட் இருக்கும் இடத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான். வயரே இல்லாததால் ஷாக் அடிக்கவும் எதுவும் இல்லை.

டிரில்லைப் பற்றி இரண்டு விஷயம். மிதித்தால் ஆன், மறுபடி மிதித்தால் ஆஃப் என்ற வகை எந்த வெட்டும் மிஷினுக்கும் ஆகாது. துளை போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. ஆபரேட்டர் பிட்டில் சுற்றிய சுருளைக் கையால் எடுக்கிறார். கரண்ட் வருகிறது. சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருப்பதால் மோட்டார் தானாகச் சுற்றும். காண்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்ச் வைத்த ஸ்டார்ட்டர் இருந்தால் கரண்ட் போனதும் அதன் காயில், அதாவது கம்பிச்சுருள், பிடியை விட்டுவிடும், திரும்ப வந்தாலும் பச்சை பட்டனை அழுத்தாமல் ஓடாது. ஆகவே டிரில்லுக்கு ஒரு ஸ்டார்ட்டர் போடுங்கள். கால் பெடல் வேண்டுமென்றால், அழுத்தி இருக்கும் வரை மட்டும் ஓடும் வகையை, ஸ்டார்ட்டரின் காயில் லைனில் தொடராகக் கொடுங்கள். பிட் ஜாபை இழுத்துச் சுற்றும்போது காலைத் தூக்கினால் காயில் பிடியை விட்டு மோட்டாரின் கரண்ட் நிற்கும். மறுபடி ஓட்டப் பெடலும் மிதிக்கப்பட்டிருக்க வேண்டும், பச்சை பட்டனும் அழுத்த வேண்டும். கொஞ்சம் தொல்லைதான், டிரில்லுக்கு அந்தத் தொல்லை தகும்.

உங்கள் சுவிட்ச் ஏன் ஒட்டிக்கொண்டது என்பதிலேயே 10 ஆம்பியர் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அரை ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 4 ஆம்பியர் அளவில் இழுக்கும், கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு. சுவிட்ச்சின் மேல் போட்டிருக்கும் 10 ஆம்பியர் ஹீட்டர் போன்ற சாதுவான லோடுக்கானது. மோட்டாரும் காயிலும் திறக்கும்போது பொறி கிளப்பும், மூடும்போது அதிகம் இழுக்கும், அந்தச் சூட்டில் வெள்ளி முனைகள் உருகி ஒன்றோடொன்று வெல்டாகிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கென்று ஏசி-15 என்ற தனிக் குறியீட்டில் இன்னொரு அளவு கொடுப்பார்கள். 10 ஆம்பியர் போட்ட அதே சுவிட்ச்சில் ஏசி-15, 240 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருக்கும். விலை குறைந்ததில் அந்த வரியே இருக்காது. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். எப்படிப் பார்த்தாலும் கால் சுவிட்ச்சை மோட்டாருக்கு நேராகக் கொடுக்காதீர்கள். சின்ன காண்டாக்டரின் 230 வோல்ட் காயில், பிடித்த பிறகு ஒரு ஆம்பியரில் நூறில் சில பங்குதான் எடுக்கும். அந்த வேலையை மட்டும் சுவிட்ச்சுக்குக் கொடுத்தால் வருடக்கணக்கில் ஓடும்.

இனி 350-க்கும் 2,900-க்கும் வருவோம். கடையிலேயே இரண்டையும் கவிழ்த்து அடிமூடியின் ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். விலை குறைந்ததில் ஒரே ஒரு மைக்ரோ சுவிட்ச் இருக்கும், பிளாஸ்டிக் தூணில் இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும். பெடலின் அடிப்பக்கம் நேராக அதன் பட்டனில் போய் இடிக்கும். பூட்ஸ் போட்ட ஒரு ஆள் எடை முழுவதும் அந்தப் பட்டனில்தான் இறங்குகிறது. விலை கூடியதில் பெடல் தனி நிறுத்தத்தில் போய் முட்டி நிற்கும், மைக்ரோ சுவிட்ச்சை ஒரு ஸ்பிரிங் தகடு மட்டும் தொடும். முழு எடையோடு ஏறி நின்றாலும் சுவிட்ச்சுக்கு ஒன்றும் ஆகாது. பெடலின் நடுவில் மட்டும் மிதித்துப் பார்க்காமல், ஓரத்திலும் மூலையிலும் மிதித்துப் பாருங்கள். மூலையில் மிதித்தால் சிக்கி, தாமதமாகத் திரும்புவது ஷெட்டுக்கு வந்து இரும்புத்தூள் ஏறியதும் திரும்பவே திரும்பாது.

அந்த மூடிக்குத்தான் பாதி விலை என்றாலும் நான் கொடுப்பேன். மேலிருந்து ஸ்பானரோ, பீஸோ, சறுக்கி வந்த தகட்டுக் கட்டோ விழுந்து பெடலை அழுத்தாமல் காப்பது அது. அந்தப் பக்கமாக நடந்து போகும் ஹெல்பரின் காலிலிருந்தும் காக்கிறது. சில மாடல்களில் மூடிக்குள் ஒரு தடுப்புத் தகடு இருக்கும், கால் நுனி முழுக்க உள்ளே போய் அதைத் தள்ளினால்தான் பெடல் இறங்கும். ஏர் பிரஸ்ஸுக்கும் நாளைக்குப் பவர் பிரஸ்ஸுக்கும் அந்த வகையையே கேளுங்கள். வாங்கும்போது ஆபரேட்டரின் சேஃப்டி ஷூ ஒன்றை எடுத்துப் போய் உள்ளே விட்டுப் பாருங்கள். செருப்புக்கால் போகும் மூடியில் இரும்பு நுனி ஷூ போகாமல், கடைசியில் ஆபரேட்டர் மூடியைக் கழற்றி மூலையில் போட்டிருப்பதை நிறையப் பட்டறைகளில் பார்க்கிறேன்.

மூடி போட்டாலும் தீராத ஒரு பழக்கம் இருக்கிறது. பீஸ் மாற்றும் இடைவேளையில் காலை எடுக்காமல் பெடலின் மேலேயே வைத்துக்கொண்டிருப்பது. ஒவ்வொரு முறையும் காலை இழுத்து வைத்து மறுபடி உள்ளே விடுவது சலிப்பாக இருப்பதால் எல்லோருமே செய்வார்கள். உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே கால் அழுந்திவிடும். திட்டினால் நிற்காது. பெடலுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், ரப்பர் ஒட்டிய ஒரு கட்டையைக் கால் வைக்கப் போட்டுக்கொடுங்கள். கால் ஓய்வெடுக்க இடம் கிடைத்தால் பெடலை விட்டுத் தானாக நகரும்.

வயரிங்கில், தரையில் கிடக்கும் பெட்டிக்கு 230 வோல்ட் கொண்டுபோகாதீர்கள். பேனலில் ஒரு 24 வோல்ட் டிசி பவர் சப்ளை வைத்து, காலடிக்கு அதை மட்டும் அனுப்புங்கள். கேபிள் கிழிந்தாலும், ஈரத்தில் கிடந்தாலும் ஆபரேட்டருக்கு ஷாக் ஆபத்து இல்லை. டிசி சாலினாய்டு, ரிலே காயில்களின் குறுக்கே ஒரு 4007 டையோடு போடச் சொல்லுங்கள், வெள்ளிக்கோடு உள்ள பக்கம் பிளஸ்ஸில். சுவிட்ச் திறக்கும்போது காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜை அது தின்றுவிடும், முனை கருகாது. டையோடு இருந்தால் வால்வ் விடுவது ஒரு கணம் தாமதமாகும் என்பதால், காலை எடுத்ததும் உடனே திரும்ப வேண்டிய ஏர் பிரஸ் வால்வுக்கு மட்டும் டையோடுக்குப் பதில் வேரிஸ்டர் போடலாம். உலோக உடம்புள்ள சுவிட்ச்சுக்கு எர்த் வயர் தனியாகப் போக வேண்டும். ஷெட் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்தச் சாக்கிலேயே போட்டுவிடுங்கள்.

ஸ்பாட் வெல்டிங் டைமருக்குக் கொடுக்கும்போது ஒரு எதிர்மறைச் சிக்கல் வரலாம். டைமர், பிஎல்சி (மிஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) இன்புட்டுகள் சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். அவ்வளவு குறைந்த கரண்டில் சாதாரண வெள்ளி முனையில் படியும் கருப்பைச் சுட்டுத் தள்ளப் பொறி போதாது, சில மிதிக்கு வேலை செய்யும், சிலதுக்குச் செய்யாது. 10 ஆம்பியர் சுவிட்ச்தானே, ஏன் மில்லி ஆம்பியருக்குத் திணறுகிறது என்று குழம்புவார்கள். தங்கப்பூச்சு முனை உள்ளதைக் கேட்டு வாங்கினால் தீரும்.

பாதுகாப்புக் குறியீடாக ஐபி என்று போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை என்று பொருள். உங்கள் ஷெட்டில் டிரில் பக்கம் மட்டும் கூலன்ட் இருக்கும், அங்கே ஐபி 65 போதும். மற்ற மூன்றிலும் எதிரி இரும்புத்தூள்தான், அதற்கு முதல் எண் 5 அல்லது 6 வேண்டும்.

நான் பழுது பார்க்கும் கால் சுவிட்ச்களில் சுவிட்ச்சைவிட அதிகம் செத்திருப்பது கேபிள்தான், அதுவும் பெட்டிக்குள் நுழையும் அந்த இரண்டு அங்குலத்தில். பெடலை இடம் மாற்ற எல்லோரும் கேபிளைப் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் பெடல் ஒரு பக்கம் சாய்ந்தால் மட்டும் வேலை செய்யும். மல்டிமீட்டரைத் தொடர்ச்சியில் வைத்து, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேபிளை அந்த இடத்தில் வளைத்துப் பாருங்கள், சத்தம் விட்டுவிட்டு வந்தால் அதுதான். இவை வேண்டும்: கேபிள் நுழையும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் நல்ல கிளாண்ட், மெல்லிய இழைகள் நிறைய உள்ள நெகிழ்வான கேபிள், மேலே ஃப்ளெக்ஸிபிள் கான்டியூட். ஸ்பாட் வெல்டிங் பக்கம் கான்டியூட் உலோகமாக இருக்கட்டும், பிளாஸ்டிக்கைத் தீப்பொறி ஓட்டை போட்டுவிடும். பெடலைத் தூக்க மூடியிலேயே ஒரு கைப்பிடி வெல்டு செய்துகொடுத்துவிட்டால் கேபிளை யாரும் தொட மாட்டார்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் அடிமூடி போன்ற அகலமான ஜாபை இரண்டு பேர் சேர்ந்து பிடிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் மிதிக்கும் ஏற்பாடு ஒரு நாளும் வேண்டாம். ஆளுக்கொரு பெடல் கொடுத்து, இரண்டையும் தொடராக இணையுங்கள். இருவரும் மிதித்தால்தான் மிஷின் இறங்கும். ஆனால் பவர் பிரஸ்ஸில் தொடங்கிய ஸ்ட்ரோக்கும், வெல்டு தொடங்கிய புள்ளியும் யார் காலை எடுத்தாலும் நடுவில் நிற்காது.

கால் பெடல் அவசர நிறுத்தம் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் மனிதன் காலைத் தூக்குவதும் உண்டு, விறைத்துப்போய் இன்னும் அழுத்துவதும் உண்டு. ஒவ்வொரு மிஷினிலும் கைக்கு எட்டும் இடத்தில், மஞ்சள் பின்னணியில், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் சிவப்புக் காளான் பட்டன் தனியாக இருக்க வேண்டும். உங்கள் பவர் பிரஸ்ஸில் அது மோட்டாரைத்தான் நிறுத்தும் என்பதை ஆபரேட்டருக்கு வாயால் சொல்லுங்கள். பட்டன் இருக்கிறது என்ற தைரியத்தில் அவர் கை உள்ளே போய்விடக் கூடாது.

முழங்கால் வலிக்குத் திரும்புவோம், நீங்கள் எழுதக் காரணமே அதுதான். பெடல் எவ்வளவு லேசானாலும், நின்றுகொண்டே ஒரு காலால் மிதித்தால் உடம்பின் எடை முழுவதையும் மற்ற கால்தான் தாங்குகிறது. வலி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும், அவ்வளவே. ஸ்பாட் வெல்டிங்கையும் ரிவெட் வேலையையும் உட்கார்ந்து செய்யும்படி, உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் போடுங்கள். குதிகால் தரையிலேயே இருந்து நுனிக்கால் மட்டும் அசைந்தால் போதும்படி உயரம் குறைந்த பெடலாக இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்துக்கு முன் வலது கால், பின் இடது கால் என்று மாற்றச் சொல்லுங்கள், அதற்குத் தோதாகக் கேபிள் நீளம் இருக்க வேண்டும். பவர் பிரஸ்ஸில் இன்றே செய்யக்கூடியது, பெடலின் இணைப்புக் கம்பியையும் புஷ்களையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போடுவது. அந்தப் பெடல் கனமாக இருப்பதில் பாதி காய்ந்துபோன புஷ்ஷாகவே இருக்கும். ஸ்பிரிங்கை மட்டும் தளர்த்தாதீர்கள், கொக்கி திரும்ப வந்து சாவியை வெளியே தள்ளுவது அந்த ஸ்பிரிங்கால்தான்.

இப்போதைக்கு ஸ்பாட் வெல்டிங்குக்கு இரண்டு நிலைப் பெடல் ஒன்று, ஏர் பிரஸ்ஸுக்கு மூடியும் தடுப்புத் தகடும் உள்ளது ஒன்று, டிரில்லுக்கு ஸ்டார்ட்டர் ஒன்று வாங்குங்கள். பவர் பிரஸ்ஸுக்கு ஒதுக்கிய பணத்தை டை செய்பவரிடம் கொடுத்துக் கூண்டுக்கு அளவெடுக்கச் சொல்லுங்கள். அவர் வரும் நாளில் பிரஸ்ஸை வெறும் டையில் ஓட்டி, ஒரு மிதிக்கு ஒரே ஸ்ட்ரோக் வருகிறதா, ராம் மேலே போய்ச் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்சமேனும் தாண்டிப் போய் நின்றால் பேண்டு பிரேக்கின் லைனிங்கை மாற்றாமல் அந்த மிஷினில் அடுத்த பீஸ் அடிக்க வேண்டாம்.